ஒரு பெரிய சப்பா, நாலு சின்ன சப்பா? பேஸ் சத்தத்தின் வரலாறும் எங்க காரிடாரின் பகல் தூக்கமும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்கள் நீக்கப்பட்டிருக்கின்றன.)

ஹோம் தியேட்டர் வாங்கப் போனா நம்ம ஊர்ல கேக்குற முதல் கேள்வி, "சப் எத்தனை இன்ச்?" எட்டு, பத்து, பன்னெண்டு, பதினஞ்சு. இன்ச் ஏற ஏற மரியாதை ஏறும். "எத்தனை சப், ஹால்ல எங்கெங்க வைக்கப் போறீங்க"ன்னு யாரும் கேக்குறது இல்ல. ஆனா கடந்த ஐம்பது வருஷ பேஸ் வரலாற்றைப் பார்த்தா, இன்ச்சை விட இந்த ரெண்டாவது கேள்விதான் முக்கியம்னு புரியும். இன்னைக்கு அந்தக் கதைதான்.

நான் இருக்கிறது ஒரகடம் பக்கம். இந்த ஏரியாவுக்கும் சப்வூஃபருக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. 1998ல ஹூண்டாயோட முதல் சான்ட்ரோ இங்க இருந்து வெளிய வந்துச்சு. 2006ல நோக்கியா வந்து 2014ல மூடிட்டுப் போச்சு. 2007ல சுங்குவார்சத்திரத்துல சாம்சங். 2010ல ஒரகடத்துல ரெனோ நிஸான், 2012ல டைம்லர் லாரி, 2013ல ராயல் என்ஃபீல்டு. இவ்வளவு ஆலைகள் இருக்கிற இடத்துல ஊரே ஷிஃப்ட்டுலதான் ஓடும். ஒருத்தருக்குக் காலை, பக்கத்து வீட்டுக்காரருக்கு நடு ராத்திரி. 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல பெண் தொழிலாளர்களுக்கான விடுதி வளாகம் திறந்தாங்க. அதுல மட்டும் 18,720 பேர் தங்கலாம். அந்த மாதிரி ஒரு ஊர்ல, பகல் 11 மணிக்கு ஓடுற சப்வூஃபர் யாரோ ஒருத்தரோட தூக்கத்துக்கு நடுவுல ஓடுது. பேஸ் பத்தின எஞ்சினியரிங் இங்க பொழுதுபோக்கோட நிக்காததுக்குக் காரணம் இதுதான்.

மைக் செட்டுக்கு பேஸ் கிடையாது

தமிழ்நாட்டுல சத்தம்னா ரொம்ப காலம் மைக் செட்தான். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாசத் திருவிழா எல்லாத்துக்கும் மரத்து மேல கட்டின கூம்பு ஸ்பீக்கர். அது பல கிலோமீட்டர் கேக்கும். ஆனா அதுல பேஸ் கிடையாது. கூம்போட வாய் சின்னது. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழ அதால காத்தைத் தள்ள முடியாது. நம்ம தாத்தாக்கள் கேட்ட பாட்டுல தவில், தபேலாவோட அடிநாதம் பெரும்பாலும் தொலைஞ்சு போயிருக்கும், மேல் பக்கம் மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கும்.

அடிநாதத்தைத் தனியா ஒரு பெட்டியில போடணும்ங்கிற எண்ணம் பெரிய அளவுல சினிமாவுல இருந்துதான் வந்துச்சு. 1974ல அமெரிக்காவுல யுனிவர்சல் நிறுவனம் 'எர்த்குவேக்' படத்துக்கு சென்சரவுண்ட்னு ஒரு ஏற்பாடு பண்ணாங்க. தியேட்டர்ல திரைக்குக் கீழயும் பின்பக்க மூலைகளிலயும் பிரம்மாண்டமான ஹார்ன் ஸ்பீக்கர்கள். காதுல கேக்குறதை விட நெஞ்சுல உணர்ற அதிர்வு. கூரைப் பூச்சு உதிர்ந்ததுன்னும் அதைப் பிடிக்க வலை கட்டினாங்கன்னும் ஒரு கதை இன்னைக்கும் சொல்லப்படுது. பக்கத்து அரங்குல அமைதியா ஓடுற படத்தைப் பார்க்க வந்தவங்களுக்கும் அந்தப் பூகம்பம் கேட்டுச்சு. பேஸுக்கு சுவர் ஒரு பொருட்டே இல்லங்கிறது அந்த முதல் நாள்லயே தெரிஞ்ச விஷயம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

1977ல 'ஸ்டார் வார்ஸ்' 70 எம்.எம். பிரதிகள்ல அடிநாதத்துக்குன்னே தனி டிராக் ஒதுக்கினாங்க. அதுக்கு அவங்க வச்ச செல்லப் பேர் 'பேபி பூம்'. 1987ல டாம்லின்சன் ஹோல்மன் டிஜிட்டல் சினிமாவுக்கு எத்தனை சேனல் வேணும்னு நடந்த விவாதத்துல "5.1"னு சொன்னார். அந்த .1 என்ன கணக்கு? மத்த சேனல்கள் 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், பேஸ் சேனல் 120 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான். சரியாக் கணக்குப் போட்டா 0.1 கூட வராது, 0.006 கிட்டதான் வரும். சொல்றதுக்கு வசதியா .1 ஆயிடுச்சு. அந்தப் புள்ளி ஒண்ணை எல்லாரும் "ஒரு சப்வூஃபர்"னு படிச்சதுதான் பிரச்சினை. அது ஒரு சேனல். அதை எத்தனை பெட்டியில இருந்து வேணும்னாலும் கொடுக்கலாம்.

ஏ/சி டி.டி.எஸ். காலம்

நம்ம பக்கம் 1995ல 'குருதிப்புனல்'. டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். முறையில வந்த முதல் இந்தியப் படம். அடுத்த வருஷம் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ்.ல வந்துச்சு. அதுக்கப்புறம் போஸ்டர்ல தியேட்டர் பேருக்குப் பக்கத்துல "ஏ/சி டி.டி.எஸ்."னு போடுறது ஒரு பட்டம் மாதிரி ஆயிடுச்சு. 2012ல 'சிவாஜி' 3டி வடிவம் டால்பி அட்மாஸ்ல வந்துச்சு. அட்மாஸ் அரங்குகள்ல ஒரு விஷயம் கவனிக்கணும். சப்வூஃபர் திரைக்குப் பின்னாடி மட்டும் இல்ல, அரங்கோட பின்பக்கமும் சப் வைக்கிற ஏற்பாடு அதுல இருக்கு. தியேட்டர்காரங்க பேஸைப் பிரிச்சு வைக்க ஆரம்பிச்சிட்டாங்க.

வீட்டுல நடந்தது வேற. தியேட்டர்ல கேட்டதை வீட்டுலயும் கேக்கணும்னு ஆசைப்பட்டவங்களுக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் இருந்துச்சு. 4440 ஐ.சி. போர்டு, கொஞ்சம் காசு இருந்தா டிரான்சிஸ்டர் போர்டு, 4558 ஐ.சி. வச்ச சப் ஃபில்டர், டிரான்ஸ்ஃபார்மர், பிளைவுட் பெட்டி. ஊருக்கு ஊர் அசெம்பிள் பண்ற அண்ணன்கள் இருந்தாங்க, இப்பவும் இருக்காங்க. கம்பெனி செட் விலையில பாதிக்கும் கீழ 5.1 கட்டிக் கொடுத்துடுவாங்க. நம்ம ஊர் எலெக்ட்ரானிக்ஸ் ஆர்வத்துக்கு அது ஒரு பெரிய பள்ளிக்கூடம். ஆனா அந்தப் பள்ளிக்கூடத்துல எல்லாக் கவனமும் போர்டு மேலயும் வூஃபர் மேலயும்தான். டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்துல இருக்கிற மூலையில ஒரே ஒரு பெரிய பெட்டி. அது எந்த ரூமுக்குள்ள இருக்குன்னு யோசிக்கல.

ரூமும் ஒரு வாத்தியம்தான்

ரூம் ஏன் முக்கியம்? ராலே பிரபு 1877-78ல எழுதின ஒலியியல் நூல்லயே, செவ்வக அறைக்குள்ள இருக்கிற காத்து எந்தெந்த அலைவரிசையில அதிரும்னு கணக்கு இருக்கு. எங்க ஏரியாவுல வழக்கமான ஒரு 2 பி.எச்.கே. ஹால் எடுத்துக்கோங்க. 14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். ஒலி ஒரு நொடிக்கு சுமார் 345 மீட்டர் போகும். நீளவாக்குல முதல் அதிர்வு சுமார் 40 ஹெர்ட்ஸ், அகலவாக்குல 51, உயரவாக்குல 57. நீளவாக்குல ரெண்டாவது அதிர்வு 81. சப்வூஃபர் வேலை பார்க்கிற எல்லைக்குள்ளயே இது எல்லாம் விழுது.

இந்த மாதிரி நிலை அலைகள்ல சில இடம் பலமா அதிரும், சில இடம் அசையவே அசையாது. இதைக் கண்ணால பார்க்கணும்னா நம்ம மிருதங்கத்துக்கிட்ட போகணும். சி.வி. ராமன் 1920ல 'நேச்சர்' இதழ்லயும், அப்புறம் 1934ல விரிவாவும் இந்திய தோல் வாத்தியங்களைப் பத்தி எழுதினார். தோல் மேல நுண்ணிய மணலைத் தூவித் தட்டினா, மணல் அசையாத கோடுகள்ல போய்ச் சேர்ந்துக்கும். நடுவுல இருக்கிற கரணையோட எடை அந்த அதிர்வுகளை சுருதிக்குள்ள கொண்டு வருதுன்னு அவர் காட்டினார். அதாவது மிருதங்கம் செய்றவங்க, எங்க எடை வைக்கிறோம்ங்கிறதை வச்சு எந்த அதிர்வு எப்படி வரணும்னு பல தலைமுறையா தீர்மானிச்சிட்டு இருந்தாங்க.

உங்க ஹாலும் அப்படித்தான். 40 ஹெர்ட்ஸ்ல முன் சுவர், பின் சுவர் ரெண்டும் பலமா அழுத்தம் வாங்கும். நடுவுல அந்த அதிர்வு ஜீரோ. நம்ம ஆளு சோஃபாவை எங்க போடுவார்? சரியா நடுவுல. "அண்ணே பேஸ் பத்தல"ன்னு வால்யூமைத் திருப்புவார். நடுவுல வர வேண்டியது அப்பவும் ஒழுங்கா வராது. ஆனா பின் சுவர்ல அது ஏறிக்கிட்டே போகும். பின் சுவருக்கு அந்தப் பக்கம் யாரு இருக்கா? பக்கத்து வீட்டு பெட்ரூம்.

5000 சப்வூஃபர் வச்சுப் பார்த்தவர்

2002ல ஹார்மன் நிறுவனத்துல ஆராய்ச்சியாளரா இருந்த டாட் வெல்டி, மியூனிக்ல நடந்த ஆடியோ எஞ்சினியரிங் சொசைட்டி மாநாட்டுல ஒரு கட்டுரை கொடுத்தார். தலைப்பே கேள்விதான்: எத்தனை சப்வூஃபர் போதும்? ஒரு செவ்வக அறையைக் கம்ப்யூட்டர்ல மாடல் பண்ணி, ஒண்ணுல ஆரம்பிச்சு 5000 சப் வரைக்கும் வச்சுப் பார்த்தார். எனக்கு இந்தக் கட்டுரை பிடிக்கக் காரணம், இது நாங்க லோட் டெஸ்ட் பண்ற மாதிரியே இருக்கு. அபத்தமான எண்ணிக்கை வரைக்கும் தள்ளிப் பார்த்துட்டு, வளைவு எங்க தட்டையாகுதுன்னு தேடுறது.

அது நாலுல தட்டையாயிடுச்சு. நாலுக்கு மேல பெரிய பலன் இல்ல. நாலு சுவரோட நடுப்புள்ளியிலயும் ஒண்ணு வச்சா சீட்டுக்கு சீட்டு வித்தியாசம் ரொம்பக் குறையுது. எதிரெதிர் சுவர்களோட நடுவுல ரெண்டே ரெண்டு வச்சாலும் கிட்டத்தட்ட அதே பலன்.

எப்படி? முன் சுவர்ல ஒரு சப், பின் சுவர்ல ஒரு சப், ரெண்டும் ஒரே நேரத்துல தள்ளுது. 40 ஹெர்ட்ஸ் அதிர்வுல முன் பக்கம் அழுத்தம் ஏறும்போது பின் பக்கம் இறங்கணும். ரெண்டு பக்கமும் சேர்ந்து ஏத்தினா அந்த ஊஞ்சல் ஆடவே ஆடாது. ஊஞ்சலோட ரெண்டு பக்கமும் நின்னு ஒரே நேரத்துல ரெண்டு பேர் தள்ளுறது மாதிரி. சரி, 81 ஹெர்ட்ஸ்? அதுல முன்னும் பின்னும் ஒண்ணா ஏறும், நடு இறங்கும். பக்கச் சுவர் நடுவுல இருக்கிற மத்த ரெண்டு சப்பும் சரியா அந்த நடுவுல இருக்கு. அதனால அதுவும் அடிபட்டுப் போகும். நாலு பெட்டியும் சேர்ந்து கத்துறது இல்ல. ரூம் தானா ஆட நினைக்கிற ஆட்டத்தை ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து அடக்குது.

அப்புறம் 2006ல வெல்டியும் ஆலன் டெவன்டியரும் சேர்ந்து அடுத்த படிக்குப் போனாங்க. ஒவ்வொரு சப்புக்கும் தனித்தனியா அளவு, தாமதம், ஃபில்டர் கணக்கிட்டு, எல்லா சீட்டும் ஒரே மாதிரி கேக்குற மாதிரி பண்ற முறை. இன்னைக்கு மல்டி சப் ஆப்டிமைசர்னு ஒரு இலவச மென்பொருள் அதே வகை வேலையை நம்ம லேப்டாப்ல பண்ணுது. இந்தக் கதையோட முகவரி எங்க ஏரியாவுக்கும் ஒரு வகையில சொந்தம். ஹார்மனை 2017ல சுமார் 800 கோடி டாலருக்கு வாங்கினது சாம்சங். இந்த ஆராய்ச்சி சுங்குவார்சத்திரத்துல நடக்கல, இங்க செய்றது ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி. ஆனா அந்த ஆலைக்கு ஷிஃப்ட் போறவர் பகல்ல தூங்குறாரா இல்லையாங்கிறதுக்கு அந்தக் கட்டுரைல ஒரு பதில் இருக்கு.

வெளியில சேர்த்து வை, உள்ள பிரிச்சு வை

ஒரு எச்சரிக்கை. நிறைய சப் வச்சாலே நல்லா இருக்கும்னு அர்த்தம் இல்ல. திருவிழா மேடையில சவுண்ட் சர்வீஸ்காரங்க இடது பக்கம் ஒரு அடுக்கு, வலது பக்கம் ஒரு அடுக்கு பேஸ் பெட்டி வைப்பாங்க. கூட்டத்துக்கு நடுவுல குறுக்க நடந்து பாருங்க. மையத்துல நெஞ்சு அதிரும், நாலஞ்சு அடி தள்ளினா காணாமப் போகும், அப்புறம் திரும்ப வரும். 60 ஹெர்ட்ஸ்ல ஒரு அலை சுமார் 5.75 மீட்டர் நீளம். ரெண்டு அடுக்குல இருந்தும் உங்களுக்கு வர்ற தூரத்துல அதுல பாதி வித்தியாசம் வந்தா ஒண்ணை ஒண்ணு அழிச்சிடும். திறந்த வெளியில சுவர் இல்ல, அதனால பெட்டிகளை நடுவுல ஒண்ணா அடுக்கறதுதான் சமமா இருக்கும். மூடின அறையில பிரச்சினையே சுவர்தான், அங்க பிரிச்சு வைக்கணும். எண்ணிக்கை அதேதான், இடம்தான் பதிலை மாத்துது.

மீட்டர் காட்டாத சத்தம்

இப்போ எங்க அபார்ட்மெண்ட்ல நடந்தது. கீழ் வீட்டுல ஒருத்தர் நல்ல ஹோம் தியேட்டர் வச்சிருக்கார். மேல் வீட்டு அண்ணன் ஒரு ஆலையில நைட் ஷிஃப்ட். காலையில ஏழு மணிக்கு வந்து படுப்பார். அசோசியேஷன்ல புகார் போச்சு. செயலாளர் போன்ல டெசிபல் ஆப் போட்டு அளந்தார். லிமிட்டுக்குள்ளதான் இருக்குன்னார். மேல் வீட்டு அண்ணன் என்கிட்ட சொன்னது இது: "தம்பி, பாட்டு கேக்குதுன்னு நான் சொல்லவே இல்ல. கட்டில் அதிருதுன்னு சொல்றேன்."

ரெண்டு பேர் சொன்னதும் உண்மை. 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், இரவுல 45. ஆனா அது 'ஏ' எடை போட்ட டெசிபல். மனுஷக் காது மெல்லிய சத்தத்தைக் கேக்குற விதத்துக்கு ஏத்த மாதிரி, கீழ் அலைவரிசைகளைக் குறைச்சு எடை போடும். 40 ஹெர்ட்ஸ்ல அந்தக் கழிவு சுமார் 35 டெசிபல். அதாவது நிஜத்துல 80 டெசிபல் இருக்கிற ஒரு 40 ஹெர்ட்ஸ் முனகலை மீட்டர் 45னு காட்டும். இரவு வரம்புக்கே சரியா வந்துடும்! ஆனா படுத்திருக்கிறவருக்கு அது தெளிவாத் தெரியும்.

இன்னொரு விஷயம், விதியில இரவுன்னா ராத்திரி 10ல இருந்து காலை 6 வரை. எங்க காரிடார்ல பாதிப் பேருக்கு மாசத்துல சில வாரம் இரவு காலை 7 மணிக்குத்தான் ஆரம்பிக்குது. அந்த இரவைச் சட்டம் பகல்னு எழுதி வச்சிருக்கு. அதனால இங்க சட்டத்தை நம்பி உக்கார முடியாது. பக்கத்து வீட்டுக்காரங்களும் எஞ்சினியரிங்கும்தான் பார்த்துக்கணும்.

நானும் கீழ் வீட்டுக்காரரும் ஒரு ஞாயித்துக்கிழமை மைக் வச்சு அளந்தோம். எதிர்பார்த்த மாதிரியே சோஃபா நடுவுல, சப் மூலையில. சோஃபாவுல 40 ஹெர்ட்ஸ் பக்கம் பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்துக்காக அவர் சப் வால்யூமை ஏத்தி வச்சிருந்தார், சுவர் ஓரமெல்லாம் மேடு. நண்பர்கிட்ட இருந்து அதே மாடல் இன்னொரு சப் வாங்கி, முன் சுவர் நடுவுல ஒண்ணு, பின் சுவர் நடுவுல ஒண்ணு வச்சோம். ரெண்டையும் சேர்த்து ஈக்யூ பண்ணினோம். மேடு இறங்கினதும், முன்னாடி வச்சிருந்த அளவை விட நல்லாவே குறைச்சு வச்சும் அவருக்குத் திருப்தியா இருந்துச்சு.

இதனால மேல் வீட்டுக்குச் சத்தமே போகலையா? போகும். சுவரையும் தளத்தையும் தாண்டுற பேஸை நிறுத்த எடைதான் வேணும். எடையை ரெண்டு மடங்காக்கினா அதிகபட்சம் 6 டெசிபல் குறையும். சுவர்ல ஒட்டுற ஃபோம் ஷீட் 40 ஹெர்ட்ஸுக்கு ஒண்ணும் பண்ணாது. ஆனா ரூம் தானா ஏத்திக் கொடுக்கிற பங்கை எடுத்துட்டா, கேக்குறவரும் குறைவா வச்சுக்கிறார், படுத்திருக்கிறவருக்கும் குறைவா வருது. மிச்சத்துக்கு ஒரு காகிதம் போதும். மேல் வீட்டு அண்ணன் தன் ஷிஃப்ட் அட்டவணையைக் கீழ் வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டார். அவர் நைட் ஷிஃப்ட் வாரம் சினிமா சாயங்காலம்தான்.

நீங்க பண்ணிப் பார்க்க

ஒரே ஒரு சப் இருந்தா, அதைத் தூக்கி சோஃபா மேல வைங்க. பேஸ் இருக்கிற பாட்டை ஓட விட்டு, சுவர் ஓரமா குனிஞ்சு நடந்து கேளுங்க. எங்க சமமாக் கேக்குதோ அங்க சப்பை வைங்க. ஒலி தர்ற இடத்தையும் கேக்குற இடத்தையும் மாத்திக்கிட்டாலும் விளைவு அதேதான்னு காட்டினதும் நம்ம ராலே பிரபுதான்.

ரெண்டாவது சப் வாங்கப் போறீங்கன்னா, 15 இன்ச் ஒண்ணுக்குப் பதிலா 8 அல்லது 10 இன்ச் ரெண்டு. முடிஞ்ச வரை ஒரே மாடல். எதிரெதிர் சுவர் நடுவுல வைங்க. ரெண்டோட அளவையும் சமமா வச்சு, ஃபேஸ் ஒண்ணாயிருக்கான்னு பாருங்க. அப்புறம் ஈக்யூவை ரெண்டுக்கும் சேர்த்துப் போடுங்க, தனித்தனியாப் போட்டா பழைய குழப்பம் திரும்ப வந்துடும். ரிச்சி ஸ்ட்ரீட் அசெம்பிள் செட்டா இருந்தாலும் இது பொருந்தும். சப் அவுட்டுல ஒரு ஒய் கேபிள் போட்டா ரெண்டாவது ஆம்புக்குப் போயிடும்.

பேஸை சுருதிக்குள்ள கொண்டு வர எங்க எடை வைக்கணும்னு நம்ம மிருதங்கக்காரங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. நம்ம ஹாலுக்கும் அதே கேள்விதான். அடுத்த தடவை கடையில "எத்தனை இன்ச்?"னு கேட்டா, "ஹால் 14க்கு 11, பக்கத்து வீட்டுல நைட் ஷிஃப்ட்"னு ஆரம்பிங்க.

உங்க வீட்டுல ரெண்டு சப் வச்சுப் பார்த்தவங்க, அளந்த கிராஃப் இருந்தா அனுப்புங்க. ஷிஃப்ட் முடிச்சு வந்து பகல்ல படுக்கிறவங்களும் எழுதுங்க, எந்த நேரத்துல எந்தச் சத்தம் தொல்லைன்னு. அதை வச்சு இன்னொரு எபிசோட் பண்ணலாம். அடுத்த வாரம் பார்ப்போம்!